மினிட்ஸில் ஏறாத வாக்கியம்

"இதை மட்டும் மினிட்ஸ்ல ஏத்த வேண்டாம்மா."

முப்பத்தோரு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சுருக்கெழுத்து வேலை பார்த்தேன். இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். தலைவர் பேசி முடித்து "சரி, இனி எழுதுங்க" என்றதும் மறுபடி எடுப்பேன். பென்சில் கீழே கிடந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் முடிவு பிறந்திருக்கும். புத்தகத்தில் மட்டும் "விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று லட்சணமாக ஒரு வரி ஏறும்.

ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க நேரம் கிடைத்தது. 1962 அக்டோபரில் நடந்த கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றித் தற்செயலாக ஏதோ படிக்கப்போய், அப்புறம் நாலைந்து வருடம் அதிலேயே கிடந்தேன். அணு ஆயுதக் கணக்கெல்லாம் எனக்குப் பெரிதாகப் பிடிபடாது. என்னை இழுத்தது அந்த அறைதான். நீளமான மேஜை, சுற்றிலும் பதினைந்து பேர், நடுவில் தலைவர். அவர் ஒரு முடிவு எடுக்கிறார். எப்படி எடுத்தார் என்று கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இது எனக்குப் பழகிய உலகம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 14 அன்று கியூபாவுக்கு மேலே பறந்த அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் எடுத்த படங்களில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. 16-ஆம் தேதி காலையில் அதிபர் கென்னடியிடம் விஷயம் போனது. 22-ஆம் தேதி அவர் தொலைக்காட்சியில் பேசி, கியூபாவைச் சுற்றிக் கடல் மறிப்பு அறிவித்தார். 26 வெள்ளிக்கிழமை சோவியத் தலைவர் குருஷேவிடமிருந்து ஒரு கடிதம்: கியூபா மேல் படையெடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுங்கள், ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம். மறுநாள் சனிக்கிழமை காலை மாஸ்கோ வானொலியில் இன்னொரு செய்தி: துருக்கியில் நீங்கள் வைத்திருக்கும் ஜூபிடர் ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும். அன்றைக்கே கியூபாவின் மேல் ஒரு யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி மேஜர் ஆண்டர்சன் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை குருஷேவ் ஏவுகணைகளை எடுக்கச் சம்மதித்தார்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி கென்னடி என்ன கொடுத்தார், எதை நினைத்துக் கொடுத்தார்? இந்த ஒரு கேள்விக்குத்தான் அத்தனை சாட்சிகளும்.

முதல் சாட்சி அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி. அப்போது அட்டர்னி ஜெனரல். 'பதின்மூன்று நாட்கள்' என்ற அவருடைய நினைவுக்குறிப்பு, 1968-ல் அவர் கொல்லப்பட்டதற்கு அடுத்த வருடம் வெளிவந்தது. அதன்படி, இரண்டாவது செய்தியைக் கண்டுகொள்ளாமல் முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதலாம் என்ற யோசனையைச் சொன்னது அவர். அண்ணன் ஏற்றுக்கொண்டார். அன்றிரவு சோவியத் தூதர் டோப்ரினினைத் தம் அலுவலகத்தில் சந்தித்து, துருக்கி விஷயத்தில் பேரம் எதுவும் கிடையாது என்று சொன்னதாக எழுதுகிறார். ஆனால் அந்த ஏவுகணைகளை எடுத்துவிட அண்ணன் வெகுநாளாகவே நினைத்திருந்தார், நெருக்கடி தீர்ந்த கொஞ்ச நாளில் அவை போய்விடும் என்றும் சொன்னாராம். படித்தால் ஒரு குறையும் தெரியாது. நடை சுத்தம், ஆள் கண்ணியம், அறைக்குள்ளேயே இருந்தவர், அதுவும் கூடப்பிறந்தவர். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

சங்கத்தில் வருடக் கணக்காக உட்கார்ந்தவள் என்பதால் எனக்கு அந்தச் சுத்தமான நடையே கொஞ்சம் உறுத்தியது. நிஜக் கூட்டத்தில் யாரும் முழு வாக்கியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் ஒலிநாடாக்கள். 1962 கோடையில் கென்னடி ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி பொருத்தச் சொல்லியிருந்தார். காபினெட் அறையில் அவர் உட்காரும் இடத்தில், மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான். பதிவுக் கருவி கீழே நிலவறையில் ஓடியது. செயலாளருக்கும் அதைப் பொருத்திய பாதுகாப்பு அதிகாரிக்கும் தெரியும், தம்பிக்கும் தெரிந்திருக்கும் என்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் ரஸ்க்குக்கோ, பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவுக்கோ, பாதுகாப்பு ஆலோசகர் பண்டிக்கோ தெரியாது. 1973-ல், பின்னால் வந்த அதிபர் நிக்ஸனின் நாடாக்கள் விவகாரம் வெடித்த பிறகே இப்படியும் ஒன்று இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தின் எழுத்து வடிவம் 1980-களின் கடைசியிலும், பெரும்பாலான மிச்சம் 1990-களிலும் வெளிவந்தன.

முதல் நாள் கூட்டத்தில் ஓர் இடம். கியூபாவில் ஏவுகணை வைப்பதால் குருஷேவுக்கு என்ன லாபம் என்று கென்னடிக்குப் புரியவில்லை. நாம் திடீரென்று துருக்கியில் ஏகப்பட்ட ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைப்பது போல இருக்கிறதே, அது எவ்வளவு ஆபத்து என்கிறார். பண்டி பதில் சொல்கிறார்: வைத்துத்தானே இருக்கிறோம், மிஸ்டர் பிரசிடெண்ட்.

இந்த இடத்தைப் படித்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டேன். துருக்கியிலிருந்து அவற்றை எடுக்கச் சொல்லி முன்பே உத்தரவு போட்டிருந்தார், அதிகாரிகள் நிறைவேற்றவில்லை என்று தெரிந்து கோபப்பட்டார் என்று தம்பியின் புத்தகம் சொல்கிறது. நாடாவில் இருப்பவர் உத்தரவு போட்டவர் மாதிரியா பேசுகிறார்?

அதே நாள் தம்பியும் பேசுகிறார். கியூபா மேல் பாய ஒரு சாக்கு கிடைக்குமா, கியூபாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோ வழியாக ஏதாவது, அல்லது 'மெயின்' கப்பலை மறுபடி மூழ்கடிப்பது மாதிரி ஏதாவது, என்று யோசிக்கிறார். 'மெயின்' 1898-ல் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல். ஸ்பெயினோடு போருக்குப் போக அது சாக்காயிற்று. புத்தகத்தில் இந்தப் பேச்சு இல்லை. அதற்குப் பதிலாக, 1941-ல் பேர்ல் ஹார்பர் அமெரிக்கத் தளத்தின் மேல் திடீர்த் தாக்குதலைத் திட்டமிட்டபோது ஜப்பானியப் பிரதமர் டோஜோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது என்று அண்ணனுக்கு ஒரு சீட்டு எழுதி நகர்த்தியது இருக்கிறது. சீட்டு பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் இரண்டையும் நினைத்திருக்கலாம். மனிதர்கள் அப்படித்தான். நினைவில் எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும்போது சீட்டு தங்கியது, கப்பல் நழுவிவிட்டது.

ரஸ்க்குக்கு வேறு வேலைகள் இருந்ததால் பல கூட்டங்களுக்கு வர முடியவில்லை என்று அந்தப் புத்தகம் போகிறபோக்கில் சொல்கிறது. நாடாவைப் போட்டால் கூட்டத்துக்குக் கூட்டம் ரஸ்க்கின் குரல் கேட்கிறது. கென்னடி நூலகத்தில் வரலாற்றாளராக இருந்து, இந்த நாடாக்களை வருடக்கணக்கில் கேட்ட ஷெல்டன் ஸ்டெர்ன் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ராபர்ட் சமாதானத் தூதர் என்ற பிம்பம் அவர் கையில் நன்றாகவே அடி வாங்குகிறது.

சனிக்கிழமை நாடாதான் முக்கியம். இரண்டாவது செய்தியைக் கண்டுகொள்ள வேண்டாம், முதல் கடிதத்துக்கே பதில் எழுதுவோம் என்று அன்றைக்கு ஒருவர் இல்லை, பலர் சொல்கிறார்கள். மாஸ்கோவில் தூதராக இருந்து குருஷேவை நேரில் அறிந்த தாம்சன், துருக்கி இல்லாமலே அவர் இறங்கி வருவார், கியூபாவைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும் என்கிறார். கடைசிவரை பிடி கொடுக்காமல் இழுப்பவர் கென்னடி. ஐ.நா.வில் இருப்பவர்களுக்கோ, புத்தியுள்ள எந்த மனிதனுக்குமோ கியூபாவுக்குத் துருக்கி என்பது நியாயமான பண்டமாற்றாகத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறார். அறையிலேயே அதிகம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவர் அறையின் தலைவர்தான் என்பது அந்த நாடா இல்லாமல் தெரிந்திருக்காது. சாட்சிகள் யாரும் அப்படி எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 19-ஆம் தேதி முப்படைத் தளபதிகளோடு கூட்டம். விமானப்படைத் தளபதி லெமே, கடல் மறிப்பு கிட்டத்தட்ட 1938-ல் மியூனிக்கில் பிரிட்டன் ஹிட்லருக்குப் பணிந்துபோனதற்குச் சமம் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். கென்னடி எழுந்து போய்விடுகிறார். நாடா ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் காலடியில் இருந்த விரிப்பையே உருவிவிட்டீர்களே என்று மரீன் படைத் தளபதி ஷூப் லெமேயைப் பாராட்டுவது அப்படியே பதிவாகிவிட்டது. எங்கள் சங்கத்திலும் தலைவர் எழுந்து போன பிறகுதான் கூட்டம் தொடங்கும்.

சரி, தம்பியின் புத்தகம் ஏன் அப்படி ஆனது? இதற்கு 1989 ஜனவரியில் மாஸ்கோவில் பதில் கிடைத்தது. நெருக்கடியில் பங்கேற்ற அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசிய மாநாடு. டோப்ரினினும் இருந்தார். துருக்கி பேச்சு வந்தபோது கென்னடியின் உரைகளை எழுதிய டெட் சோரன்சன், என் சகாக்களிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். ராபர்ட்டின் குறிப்புகளைப் புத்தகமாகப் பதிப்பித்தவர் அவர். துருக்கி ஏவுகணைகள் உடன்பாட்டின் ஒரு பகுதி என்று நாட்குறிப்பில் தெளிவாகவே இருந்தது, அப்போது அது அமெரிக்கத் தரப்பிலேயே ரகசியம், ஆகவே நானே அதை வெட்டிவிட்டேன் என்றார்.

இருபது வருடம். அதற்குள் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டி ஆய்வு எழுதியிருப்பார்கள்!

எனக்கு சோரன்சன் மேல் கோபமே வரவில்லை. வந்தால் அது என் மேல் வரவேண்டிய கோபம். ஆனால் விளைவைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. மெக்னமாரா காங்கிரஸ் குழு முன்னாலேயே பேரம் இல்லை என்று சொன்னார். துணை அதிபர் ஜான்சனை அந்த ராத்திரி முடிவெடுத்த அறைக்குக் கூப்பிடவே இல்லை. பிடிவாதமாக நின்றோம், எதிரி கண்ணைச் சிமிட்டினான் என்ற கதையோடுதான் அடுத்த வருடம் அவர் அதிபர் நாற்காலிக்கு வந்தார், வியட்நாமுக்குப் போனார். ஒரு வரியை வெட்டியதால்தான் போர் வந்தது என்று சொல்ல மாட்டேன். தப்பான மினிட்ஸை வைத்து அடுத்த கூட்டம் நடத்தினார்கள் என்று சொல்வேன்.

அன்றைக்கு ராத்திரி நடந்த ராபர்ட்–டோப்ரினின் சந்திப்புக்கு வருவோம். மூன்றாவது ஆள் இல்லாத சந்திப்பு. டோப்ரினின் அன்றே மாஸ்கோவுக்குத் தந்தி அனுப்பினார். சங்கேதமாக்கிய தந்தியை வாங்கிப்போகத் தந்தி நிறுவனத்துப் பையன் சைக்கிளில் வருவானாம். வழியில் எங்கேயும் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தி 1990-களில் வெளிவந்தது. துருக்கிதான் ஒரே தடை என்றால், அதைத் தீர்ப்பதில் அதிபருக்குப் பெரிய கஷ்டம் தெரியவில்லை, நான்கைந்து மாதம் தேவைப்படும், ஆனால் வெளியில் சொல்ல முடியாது, வாஷிங்டனில் எங்களைத் தவிர இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று ராபர்ட் சொன்னதாக அதில் இருக்கிறது.

இந்தத் தலை எண்ணிக்கையைக் கவனியுங்கள். ராபர்ட் சொன்னது இரண்டு மூன்று பேர். சந்திப்புக்கு முன்னால் அதிபரின் ஓவல் அலுவலகத்தில் கூடியவர்கள் ஆறு பேர் என்று சோரன்சன் மாஸ்கோவில் சொன்னார். பண்டி கொடுக்கும் பட்டியலில் ஒன்பது பேர். உலகமே முடியப்போகிறதோ என்று பயந்த ஒரு ராத்திரியில் அறைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலேயே கூட இருந்தவர்கள் ஒத்துப்போகவில்லை.

டோப்ரினினை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அவரும் மேலிடத்துக்கு எழுதுபவர். பெரிய மீன் பிடித்தேன் என்று காட்ட ஆசை இருக்காதா? இருக்கும். ஆனால் அவருக்கு ஆதரவாக இரண்டு விஷயங்கள். ரஸ்க்குக்கு ராபர்ட் எழுதிய குறிப்பு ஒன்று 30-ஆம் தேதியிட்டு இருக்கிறது. பேரம் இல்லை என்று சொன்னதாகத்தான் அதிலும் வருகிறது. நான்கைந்து மாதத்தில் இது திருப்தியாக முடியும் என்ற வாக்கியம் எழுதப்பட்டு, மேலே கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. ரகசியமாக எழுதியவர் ரகசியத்துக்கும் பயந்திருக்கிறார். இரண்டாவது, துருக்கி உடன்பாட்டை எழுத்தில் உறுதிப்படுத்தி குருஷேவ் அனுப்பிய கடிதத்தை அதே நாளில் ராபர்ட் தூதரிடம் திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒரு கடிதம் என்றைக்காவது வெளியே வந்தால் என் அரசியல் வாழ்க்கைக்கே கேடு என்று அவர் சொன்னதாக டோப்ரினின் எழுதியிருக்கிறார். தன் பெருமைக்காகக் கதை கட்டுகிறவர், தான் கொண்டுபோன கடிதம் திரும்பி வந்ததை எழுதுவாரா? அடுத்த வசந்தத்தில், 1963 ஏப்ரலில், துருக்கியில் ஜூபிடர்கள் இல்லை.

அதே தந்தியில் இன்னொரு வரி. தளபதிகளில் மட்டுமில்லை, வேறு இடங்களிலும் சண்டைக்குத் துடிக்கிற புத்தியில்லாத தலைகள் இருக்கின்றன என்று ராபர்ட் சொன்னாராம். குருஷேவ் 1964-ல் பதவி போன பிறகு சொல்லி எழுதிவைத்த நினைவுகளில் இது எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள்: நிலைமை நீடித்தால் ராணுவம் அதிபரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்துவிடக்கூடும் என்று கென்னடி சொல்லி அனுப்பினார். பணிந்து போனீர்களே என்று வீட்டிலும் வெளியிலும் ஏச்சு வாங்கியவருக்கு இந்தப் பெரிய வடிவம் எவ்வளவு ஆறுதல்! கென்னடியைக் காப்பாற்றியவர் ஆகிவிடலாமே. இதை வேண்டுமென்றே திரித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லி வாக்கியம் தடித்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் தாத்தா நிலம் விற்ற கதையும் இப்படித்தான். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஓர் ஏக்கர் கூடும்.

நாடா இருக்கிறதே, அதை மட்டும் நம்பினால் போதுமே என்று கேட்கலாம். ஆனால் அந்த ஓவல் அலுவலகக் கூட்டத்துக்கு நாடா கிடையாது. முடிவு அங்கேதான் நடந்தது. பென்சில் கீழே கிடந்த ஐந்து நிமிடம். அதற்கு இருப்பது பண்டியும் ரஸ்க்கும் கால் நூற்றாண்டு கழித்துச் சொன்னதுதான்: டோப்ரினினிடம் வாய்மொழியாக உறுதி சொல்லலாம் என்ற வழியைக் காட்டியவர் ரஸ்க், மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கூட்டங்களுக்கே சரியாக வராதவர் என்று புத்தகம் சொன்ன அதே ரஸ்க்.

நாடா இருக்கும் இடத்திலும் அது ஒழுங்காகப் பேசுவதில்லை. இரைச்சல், இருமல், பீங்கான் சத்தம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது. 1997-ல் அச்சான எழுத்து வடிவத்தில் பிழைகள் மலிந்திருப்பதாக ஸ்டெர்ன் எழுதப்போய் அறிஞர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. என் பழைய நோட்டு ஒன்றில் ஒரு வரி இருக்கிறது. தலைவர் சொன்னது "தவணையைக் கட்டலாம்" என்பதா, "தவணையைக் கூட்டலாம்" என்பதா? வேகத்தில் உயிர்க்குறிகளைப் போட மாட்டோம். க, ட, ல, ம மட்டும் நிற்கும். கோட்டைத் தொடாமல் மேலே எழுதினேனா, கோட்டை வெட்டி எழுதினேனா என்பதுதான் வித்தியாசம். அது இரண்டும் இல்லாமல் சரியாகக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டினால் சங்கத்துக்குச் செலவு, கூட்டினால் உறுப்பினருக்குச் செலவு. எழுதிய கை என் கை. எனக்கே தெரியவில்லை.

கடைசியாக ரஸ்க் சொன்ன இன்னொரு கதை. 1987 மார்ச்சில் புளோரிடாவில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை ராத்திரி கென்னடி இன்னொரு ஏற்பாடும் செய்தாராம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த, முன்பு ஐ.நா.வில் பணியாற்றிய ஆண்ட்ரூ கார்டியருக்கு ஓர் அறிக்கையைத் தொலைபேசியில் சொல்லி எழுதவைக்கச் சொன்னார். கியூபா, துருக்கி இரண்டிலிருந்தும் ஏவுகணைகளை எடுக்க ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் தாமாகவே முன்மொழிவது போன்ற அறிக்கை. சைகை கிடைத்தால் கார்டியர் அதை ஊ தாண்ட் கையில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குருஷேவ் சம்மதித்ததால் அது தேவைப்படவில்லை. அதாவது, ரகசிய வாக்குறுதி பலிக்காவிட்டால் பகிரங்கமாகவே பண்டமாற்றுக்கு இறங்கியிருப்பார் கென்னடி.

காகிதம் இல்லை. நாடா இல்லை. கென்னடி இறந்து இருபத்துமூன்று வருடம் ஆகியிருந்தது. கார்டியரும் 1975-ல் போய்விட்டார். ஒரே சாட்சி, அதுவும் கால் நூற்றாண்டு தாமதம். சந்தேகப்படுகிற வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் நான் ரஸ்க் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். அந்தக் கதையில் அவர் பெரிய ஆள் இல்லை, சொன்னதைச் செய்தவர். தன் தலைவரின் உறுதியைப் பற்றிய புகழைக் குறைக்கிற கதையும் கூட. அது சனிக்கிழமை நாடாவில் கேட்கிற குரலோடு பொருந்துகிறது. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நானே நம்பப் பயப்படுகிறேன். பொருந்துகிற கதையை யாருக்குத்தான் பிடிக்காது?

இரண்டு வருடம் முன்பு சங்கம் பொன்விழா மலர் போட்டது. பழைய நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் போன் செய்தார். "அந்தத் தவணைத் தீர்மானம் ஞாபகம் இருக்காம்மா? தலைவர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தது நீங்கதானே, அன்னைக்கு அவர் என்ன சொன்னார்னு நாலு வரி சொல்லுங்களேன்." நன்றாக ஞாபகமிருந்தது டீயில் ஆடை படிந்திருந்ததும், மின்விசிறி நின்றுபோனதும்தான். ஆனாலும் நாலு வரி சொன்னேன். உறுப்பினர்களின் கஷ்டத்தை நினைத்துத் தலைவர் கண் கலங்கினார் என்று சேர்த்துச் சொன்னேன் போலிருக்கிறது.

மலர் வந்தது. என் பெயருக்குக் கீழே "நேரில் கண்டவர்" என்று போட்டிருந்தார்கள். தலைவரின் மகள் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம்.